ஒரே ஜீப்பில் போகிறோம், ஒரே தெருவில் இருக்கிறோமா?

தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பில் பரம்பரைக் குடிகள் என்று சொல்லத்தக்கவர்கள் பளியர்கள்தான். மற்றவர்கள் அநேகமாக எல்லோரும் வேலை தேடி வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பேரன் பேத்திகள். 1887-ல் முல்லைப் பெரியாறு அணைக்கான வேலை தொடங்கியபோது மலையடிவாரத்தில் போட்ட முகாம்தான் ஊரானது. 1895-ல் மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கியது. 1950களின் கடைசியில் பெரியாறு நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, மின்வாரியக் குடியிருப்பும் வந்தது. இதற்கிடையே ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலையில் மலையேறும் கூட்டமும் பெருகியது.

சாலையில் கீழே இறங்கினால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பள்ளத்தாக்கு விரிகிறது. கம்பத்தில் வீட்டுக்குள் கன்னடம் பேசும் ஒக்கலிகர்கள் இருக்கிறார்கள். தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ராவுத்தர் தெருக்கள், ராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள், ஊருக்கு ஊர் கள்ளர், தேவேந்திரர், பறையர், அருந்ததியர், கடைத்தெருவில் மலையாளிகள், இப்போது ஓட்டல்களிலும் கட்டட வேலைகளிலும் வடமாநில இளைஞர்கள். தமிழ்நாட்டில் இத்தனை சிறிய நிலப்பரப்பில் இத்தனை விதமான மக்களை நெருக்கமாகப் பார்ப்பது அரிது.

ஆனால் இந்தக் கலப்பு வேலை செய்யும் இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஒரே ஜீப்பில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கேரள எல்லையில் உள்ள குமுளிக்கு ஏறுகிறவர்கள், சாயங்காலம் இறங்கியதும் தனித்தனித் தெருக்களுக்குப் பிரிந்து போகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றி வருவதில்லை. பிணம் எந்த வழியாகப் போகிறது, திருவிழா ஊர்வலம் எந்தத் தெருவில் திரும்புகிறது என்பதில் இன்னும் பதற்றம் இருக்கிறது. அண்டை வீட்டு உறவை நல்ல மனசு மட்டும் காப்பாற்றிவிடும் என்று நம்புவது ஆபத்து என்பதே என் முடிவு. நல்ல மனசு உடைகிற நாளில் எதைப் பிடித்துக்கொள்வது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2011 டிசம்பர்

பள்ளத்தாக்கில் முப்பது வயதைத் தாண்டிய யாருக்கும் அந்த மாதம் மறந்திருக்காது. அணை பலமாக இருக்கிறதா என்ற வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அணை உடைந்துவிடும் என்ற பயம் கேரளத்தில் கிளப்பப்பட்டது, தண்ணீர் நின்றுவிடும் என்ற பயம் இங்கே கிளம்பியது. இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், விரட்டப்பட்டார்கள். உயிருக்குப் பயந்து காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் நொறுங்கின. ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கிக் கிளம்ப, போலீசார் மறித்தார்கள். 144 தடை உத்தரவு வந்தது. மலைப்பாதை அடைபட்டது.

யார் அடிபட்டார்கள் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். அணையின் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கிற யாரும் அடிபடவில்லை. அன்றாடக் கூலிக்காக மலையேறிய பெண்கள் அடிபட்டார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் அப்பாவான மலையாளி டீக்கடைக்காரர் அடிபட்டார். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு அணைக்கு வந்தது. உடைந்த கடைக்கும் பாதியில் நின்ற கூலிக்கும் அதில் பதில் இல்லை. மழைக்காலம் வந்து நீர்மட்டம் ஏறும்போதெல்லாம் அணையைப் பற்றிய பேச்சு திரும்பக் கிளம்புகிறது. அடுத்த முறை வந்தால் என்ன செய்வது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது புகாரைப் பற்றி. இடுக்கியின் வண்டிப்பெரியாறிலோ கட்டப்பனையிலோ ஒருவர் தாக்கப்பட்டார் என்றால், அங்கே திரும்பிப் போய்த்தான் புகார் தர வேண்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று சொல்வது இதைத்தான். உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் பதிந்து, அவர்கள்தான் உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை நாடலாம். மின்னஞ்சல் போன்ற வழியில் தகவல் அனுப்பினாலும் செல்லும், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். இது மலையாளிக் கடைக்காரருக்கும் அப்படியே பொருந்தும். அவர் உயிர் பிழைக்கக் கோட்டயம் போய்விட்டால் அங்கிருந்தே புகார் தரலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவு, இன வன்முறைக்கும் சாதிக் கொடுமைக்கும் ஆளானவர்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர்கள் இவர்களும் அதில் அடக்கம். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது, வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது உங்கள் வட்டத்து நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். அடித்தவன் யார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது.

கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடைக்கு எடுக்கும் தீ விபத்து இன்சூரன்ஸில் கலவரச் சேதமும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். பிரீமியம் குறைய வேண்டும் என்று அந்தப் பகுதியை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சரக்கு பில்களை ஒரு படம் எடுத்து செல்போனில் மட்டும் வைக்காமல் வேறிடத்திலும் வையுங்கள். கடை எரிந்தால் பில் புத்தகமும் சேர்ந்தே எரியும்.

ஜீப்பில் ஏறும் முன்

மலையேறும் கூலிப் பெண்களுக்குக் கலவரத்தைவிடத் தினசரி ஆபத்து ஜீப்தான். ஏற்றக்கூடாத எண்ணிக்கையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்பும் வண்டியில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கின்றன. விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் எத்தனை பயணிகளுக்கு எடுக்கப்பட்டிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் கம்பெனி பொறுப்பேற்கும். மிச்சத்தை ஜீப்காரரிடம் வாங்குவது பெரும்பாடு. அதனால் அதிகக் கூட்டம் ஏற்றுவது எல்லோருடைய இழப்பீட்டையும் குறைக்கிற காரியம்.

கேரள எல்லைக்குள் விபத்து நடந்தாலும் இழப்பீட்டு வழக்கை அங்கேதான் போட வேண்டும் என்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆறு மாதத்துக்குள் மனுச் செய்துவிட வேண்டும். இதைத் தெரியாமல் இடைத்தரகரிடம் சிக்கி, கிடைக்கிற தொகையில் பாதியை இழந்துவிடாதீர்கள்.

இரண்டு பக்கமும் காலை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தேனி மாவட்டத்திலும் இடுக்கியிலும் ஒரே நேரத்தில் வாக்காளர் அட்டை வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. தேர்தல் வரும்போதெல்லாம் 'இரட்டை வாக்கு' என்ற குற்றச்சாட்டு கிளம்பி, ஒழுங்காக ஒரே இடத்தில் ஓட்டுப் போடுகிற தமிழ்த் தொழிலாளி மீதும் சந்தேகம் விழுகிறது. ஒரு அட்டையை நீக்கச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுத்துவிடுவது பாதுகாப்பு. ரேஷனைப் பொறுத்தவரை இந்தக் கவலை வேண்டாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020-லிருந்து இருக்கிறது. மத்திய அரசு தரும் அரிசியைச் சொந்த ஊர் அட்டையைக் கொண்டு இருக்கிற இடத்திலேயே வாங்கலாம். பீகாரிலிருந்து வந்து கம்பத்தில் வேலை செய்யும் பையனுக்கும் இது உண்டு. அவனிடம் யாராவது சொல்ல வேண்டும்.

வீடு, தெரு, சுடுகாடு

1989 செப்டம்பரில் போடியில் சாதிக் கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின. அதே மாதத்தில்தான், செப்டம்பர் 11-ம் தேதி, பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முன்பே 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் (Protection of Civil Rights Act) இருந்தது. நம் ஊர்ப் பேச்சில் எந்த வன்கொடுமை வழக்கையும் 'பி.சி.ஆர். கேஸ்' என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் இந்த 1955 சட்டத்திலிருந்து வந்தது.

பேர் தெரிந்த அளவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. தீண்டாமை காரணமாக ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ, வாங்கவோ, குடியிருக்கவோ தடை செய்வது 1955 சட்டத்தின் 4-வது பிரிவில் குற்றம். வாடகைக்கு வீடு தர மறுப்பதைப் 'புறக்கணிப்பு' என்று 7-வது பிரிவு விளக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமைதான் காரணம் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் வேலை. சாதியைக் கேட்டுவிட்டு 'வீடு கொடுத்தாச்சுப்பா' என்று பொய் சொல்லி அனுப்புகிற வீட்டுக்காரர், தான் செய்வது வெறும் விருப்பு வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் இன்னும் விரிந்தது. பொதுச் சுடுகாடு, ஆற்றுத்துறை, பொதுவழி இவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, சைக்கிளில் போகவோ செருப்புப் போடவோ விடாதது, கல்யாண ஊர்வலத்தை மறிப்பது, கோயிலுக்குள் விடாதது, ஊர் கூடிப் பேசி வேலை தராமல், சாமான் விற்காமல் ஒதுக்கிவைப்பது எல்லாம் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரியவை. விசாரணையை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். நிவாரணத் தொகை தீர்ப்பு வரும் வரை காத்திருக்காமல் படிப்படியாக வர வேண்டும். பல குற்றங்களுக்கு முதல் தவணை வழக்குப் பதிந்த கட்டத்திலேயே உரியது. 14566 என்ற தேசிய உதவி எண் இதற்கென்றே இருக்கிறது. ஒரு குறை சொல்லியாக வேண்டும். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடக் குடும்பங்கள் 1950-ம் ஆண்டு ஆணையின்படி பட்டியல் சாதிக்குள் வருவதில்லை. இந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு எட்டுவதில்லை. மதம் மாறினாலும் தெருவில் சாதி மாறுவதில்லை என்று தெரிந்தும் இந்த ஓட்டை அடைபடாமல் இருப்பது அநீதி.

மதம், மொழி பார்த்து வீடு மறுப்பதற்குச் சட்டத்தில் நேரான மருந்து இல்லை. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பட்டியலிடுகிறது. தனியார் வீடு அதில் இல்லை. 2005-ல் அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினர்களைத் தங்கள் சமூகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு இது ஏமாற்றமான தீர்ப்பு. ஆனால் வீடு கிடைத்துக் குடியேறிவிட்டவருக்குப் பிடிமானம் உண்டு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாவிட்டால் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது, ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும், காலிசெய்ய வைக்கத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. ஊரில் பதற்றம் வந்ததும் 'உங்களால எங்களுக்குப் பிரச்சினை, காலி பண்ணுங்க' என்று ராவோடு ராவாக வெளியேற்றுவது செல்லாது. கையில் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருப்பவரை அப்படி அசைத்துவிட முடியாது. அதனால் வெற்றுப் பேச்சில் குடியேறாதீர்கள்.

பளியன்குடி

லோயர் கேம்ப்பை ஒட்டி இருக்கும் பளியன்குடியை வெளியூர்க்காரர்கள் வருஷத்தில் ஒரு நாள் நினைக்கிறார்கள். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்து ஏறுகிறவர்கள் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். மற்ற நாட்களில் அந்தப் பளியர் குடும்பங்கள் தேன், காட்டுப் பொருட்கள், கூலி என்று பிழைக்கிறார்கள். அவர்கள் காட்டுக்குள் போவதே குற்றம் போலப் பல காலம் நடத்தப்பட்டது.

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதைத் திருத்த வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டுநிலத்தில் வசித்தோ உழுதோ வரும் பழங்குடியினருக்கு, நடைமுறையில் கையில் உள்ள நிலத்துக்கு, நான்கு ஹெக்டேர் வரை பட்டா உரிமை உண்டு. கணவன் மனைவி இருவர் பேரிலும் எழுத வேண்டும். விற்க முடியாது, பிள்ளைகளுக்குச் சேரும். தேன் போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் சமூக உரிமை தனியாக உண்டு. மனு விசாரணை முடியும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. கிராம சபையில் மனு தள்ளுபடியானால் அறுபது நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம், அதற்கு மேல் மாவட்டக் குழு இருக்கிறது. 'இது நகராட்சி, இங்கே கிராம சபை ஏது' என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிட வேண்டாம். அளவிடப்படாத பழைய குடியிருப்புகளையும் 'கிராமம்' என்றே அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. வன உரிமையில் குறுக்கிடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம்.

இவை எல்லாவற்றுக்கும் வாசற்படி பழங்குடியினர் சான்றிதழ். அதைத் தருவது தாசில்தார் இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர், பள்ளத்தாக்குக்கு உத்தமபாளையம். பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்த பிறகு ஓடுவதைவிட, பள்ளியில் சேர்க்கும் வயதிலேயே மனுப் போட்டுவிடுங்கள். படித்த அக்கம்பக்கத்தவர் இந்த மனுவை எழுதிக்கொடுத்தால் அது பெரிய உதவி.

வதந்தி

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. தொழிலாளர்கள் பயந்து ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போனது, பொய் பரப்பியவர்கள் கைதானார்கள். 2011-ல் செல்போனில் வாய்வார்த்தையாகப் போனது இப்போது வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சமூகங்களிடையே பகை வளர்ப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவிலும், அதற்காக வதந்தி பரப்புவது 353-வது பிரிவிலும் மூன்று ஆண்டு வரை சிறைக்குரியது. வழிபாட்டுத் தலத்தில் செய்தால் ஐந்து ஆண்டு. 'வந்ததை அனுப்பினேன்' என்பது தப்பிக்கும் வழி என்று நம்பாதீர்கள்.

ஒன்றாகக் குடியிருக்க வைக்க முடியுமா?

அரசு முயன்று பார்த்திருக்கிறது. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடர், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகப் பிற்படுத்தப்பட்டோர், 10 மற்றவர்கள். அடுத்தடுத்த வீட்டில் வெவ்வேறு சாதி, எல்லோருக்கும் ஒரே சுடுகாடு. சிங்கப்பூரில் 1989-லிருந்தே அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வொரு பிளாக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இன்னார் இத்தனை சதவீதம்தான் என்று வரம்பு இருக்கிறது. அங்குள்ள தமிழர்களுக்கு அதில் சங்கடமும் உண்டு: வரம்பு நிறைந்த பிளாக்கில் வீட்டை விற்கும்போது வாங்குவோர் குறைகிறார்கள். ஆனாலும் ஒரு இனத்துக்கென்று தனிச்சேரி உருவாகாமல் அந்த விதி தடுத்தது.

நம் பள்ளத்தாக்கில் இரண்டு மாநில நிர்வாகமும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்குச் சான்று கண்ணகி கோயில் திருவிழாதான். வழிபாட்டு உரிமையில் எத்தனை தகராறு இருந்தாலும், ஒவ்வோர் ஆண்டும் தேனி, இடுக்கி ஆட்சியர்கள் கூட்டாகக் கூடிப் பேசி, பாதை, தண்ணீர், மருத்துவம், காவல் எல்லாம் ஏற்பாடு செய்கிறார்கள். ஒரு நாள் பக்தர்களுக்குச் செய்வதை, வருஷம் முழுக்கச் செக்போஸ்ட் தாண்டும் தொழிலாளர்களுக்கும் செய்யலாம். பதற்றம் வரும் அறிகுறி தெரிந்ததும் இரு பக்கத் தொழிலாளர்களையும் பத்திரமாக இறக்கவும் ஏற்றவும், கூலிப் பாக்கியை வசூலித்துத் தரவும் ஒரு கூட்டுக் குழு நிரந்தரமாக இருக்க வேண்டும். இதை நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் நகராட்சி உறுப்பினரிடமும் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது கட்டாயம் கேளுங்கள்.

வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'டு லெட்' பலகையைப் பார்த்து ஒருவர் படியேறி வந்தால், வேலையையும் வாடகையையும் மட்டும் கேளுங்கள். குடிவருபவர்கள் ஒப்பந்தத்தை எழுதி வாங்குங்கள். 15100, 14566 இரண்டு எண்களையும் இன்றைக்கே செல்போனில் பதிந்துவிட்டு, ஜீப்பில் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் சொல்லுங்கள்.